பதினாறாம் நம்பர் ஊசி

தையல் மெஷின் ஊசியின் தண்டில் அதன் நம்பர் பொறித்திருக்கும். பதினாலு, பதினாறு, பதினெட்டு. எறும்பின் கால் அளவு எழுத்து. மட்டாஞ்சேரி பஜாரில் ஊசியும் நூலும் பட்டனும் விற்கும் சுல்ஃபத் அதைக் கண்ணாடி போடாமல் வாசித்த காலம் மலையேறி எட்டு வருடம் ஆயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலை வாசித்தாள்.

எதிரே நின்றவள் கற்பகம். இரண்டு கடை தள்ளி ரவிக்கை தைப்பவள். மெஷின் ஊசி முறிந்துவிட்டது, அதே நம்பரில் வேறு வேண்டும் என்று தண்டைக் கொண்டுவந்திருந்தாள். சுல்ஃபத் கண்ணாடியைத் தேடினாள். மேசையில் இல்லை. பாலக்காட்டில் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு, அன்று காலைதான் ரயிலிறங்கிப் பையோடு நேரே கடைக்கு வந்திருந்தாள். கண்ணாடி பைக்குள் எங்கோ அடியில் கிடந்தது. தண்டை விரலில் உருட்டினாள்.

எழுத்து தெரிந்தது.

"பதினாறு."

"கண்ணாடி போட்டுச் சொல்லுங்க இத்தா. போன தடவை பதினெட்டைக் குடுத்து என் சில்க் துணில ஓட்டை போட்டீங்க."

"பதினாறுடி. ஒண்ணு, ஆறு. எனக்குத் தெரியுது."

கற்பகம் தண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கிட்டே கொண்டுவந்தாள். தள்ளிப் பிடித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுல்ஃபத் பையைக் கவிழ்த்துக் கண்ணாடியை எடுத்து அவள் மூக்கில் மாட்டிவிட்டாள்.

"பதினாறுதான்" என்றாள் கற்பகம். "எப்படி இத்தா?"

எப்படி என்று சுல்ஃபத்துக்கும் தெரியவில்லை. கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து வாசித்தாள். நூல் கட்டையின் அடியில் இருந்த நிற எண். ஹூக் அட்டையின் ஓரத்தில் இருந்த கம்பெனி விலாசம், பின்கோடு உட்பட. எல்லாம் பளிச்சென்று இருந்தது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஏழு வருடமாக ஷுகர். கண் போகும் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது காரணம் கிடைத்தது. அலமாரியின் மேல்தட்டில் மாத்திரை அட்டை இருந்தது. ஊருக்குப் போகும்போது மறந்துவிட்டுப் போன அட்டை. பத்து நாள் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. பிரியாணி தின்றிருக்கிறாள். இரண்டு வகைப் பாயசம் குடித்திருக்கிறாள். கண் திறந்திருக்கிறது.

அவளுக்கு அண்ணனின் நினைவு வந்தது. மீரான் அண்ணனுக்கும் ஷுகர்தான். மூன்று வருடம் முன்னால் இரண்டு கண்ணும் போய்விட்டது. கல்யாணத்தன்று அவரைக் கைபிடித்து மேடைக்குக் கூட்டிப்போனவள் சுல்ஃபத். மகளின் முகத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எப்படி இருக்கா? நீ பாத்துச் சொல்லு" என்று தங்கையிடம் கேட்டார். சுல்ஃபத் சொன்னாள்.  அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான். நாளைக்குத் தன்னை யார் கைபிடித்துக் கூட்டிப்போவது?

அண்ணன் மாத்திரை தின்றார். கண் போயிற்று. இவள் மாத்திரையை விட்டாள். கண் வந்தது. இதைப் புரிந்துகொள்ள டாக்டருக்கா படிக்க வேண்டும்?

அட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

அவள் கணவன் சிகாபுதீன் கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில் மேற்பார்வை. அதிர்ந்து பேசாத மனிதர். நாலு மணிக்குக் கடைக்கு வந்து அவளோடு சாயா குடிப்பது வழக்கம். விஷயத்தைக் கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாத்திரையை நிறுத்தறதுக்கு முன்னால டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை..."

"அந்த டாக்டரே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருக்காரு. எனக்குக் கண்ணாடியே வேணாம். யாரு யாருகிட்டக் கேக்கணும்?"

சிகாபுதீன் டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் பஜாருக்கே செய்தி தெரிந்தது. தையல்காரர்கள் பழைய ஊசிகளைக் கொண்டுவந்து சோதித்தார்கள். ஒருவர் துருப்பிடித்த ஊசியைக் கொடுத்தார். சுல்ஃபத் துருவைச் சுரண்டிவிட்டு நம்பர் சொன்னாள். "எந்தா சுல்ஃபத் இத்தா, இருபது வயசு திரும்பி வந்துடுச்சா?" என்று கேட்டார்கள். "பதினெட்டு" என்றாள் அவள். வளையல்கள் கையில் தளர்ந்து ஓடின. மெலிந்துவிட்டாய், அழகாகிவிட்டாய் என்று பெண்கள் சொன்னார்கள். தாகம் மட்டும் தீரவில்லை. கடையில் ஒரு செம்பு தண்ணீர் வைத்திருந்தது இரண்டு செம்பாயிற்று. வெயில் காலம் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் எதிர்ச் சாரியில் சிகாபுதீன் நின்று அல்வா தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். "எனக்கு ஆகாதுன்னு சொல்லிட்டு நீங்க ஒளிஞ்சு நின்னு தின்னுறீங்களா?" என்று கடையிலிருந்தே சத்தம் போட்டாள். அவர் திரும்பினார். சிகாபுதீன் இல்லை. யாரோ சேட்டன். பாதி அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு, தின்பதா எறிவதா என்று தெரியாமல் நின்றார். பஜார் ஒரு வாரம் சிரித்தது. சுல்ஃபத்தும் சிரித்தாள். ஊசி நம்பர் தெரிகிற கண்ணுக்குப் புருஷன் முகம் ஏன் தெரியவில்லை என்று அவள் யோசிக்கவில்லை.

தன் கண் திறந்ததும் ஊரார் கண்ணையும் திறக்க ஆசை வந்துவிட்டது அவளுக்கு. ஷுகர் உள்ள பெண்களாகப் பார்த்து, "மாத்திரையை நிறுத்து, கண்ணு தானா வரும்" என்று சொன்னாள். கேட்டவர்கள் அவள் ஊசி வாசிப்பதைக் கண்ணால் கண்டவர்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்?

இரண்டு மாதம் போயிற்று.

ஒரு காலை அங்கம்மாள் வந்தாள். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். இட்லி மாவு அரைத்து வீடு வீடாக விற்பவள். மாவு வாளியைக் கடை வாசலில் இறக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"இத்தா, நான் மாத்திரையை விட்டு மூணு வாரமாச்சு."

"கண்ணு வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? கால்தான் மரத்துப்போச்சு. செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம வெறுங்காலோட அரை மைல் நடந்திருக்கேன். இன்னும் எத்தனை நாள் நிறுத்தணும்? அதைக் கேட்டுக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சுல்ஃபத் குனிந்தாள். அவள் அங்கம்மாளின் காலைப் பார்த்தாள். குதிகாலில் வெட்டுக்காயம் இருந்தது. அங்கம்மாளுக்கு அது தெரியவே இல்லை.

"எழுந்திரு" என்றாள். "தோப்பும்படிக்குப் போலாம். கண் ஆஸ்பத்திரியில என் கண்ணைக் காட்டறேன். இது எப்படி வந்துச்சுன்னு அவங்க வாயாலயே சொல்லட்டும். அதை வச்சு உனக்கு என்ன குறைன்னு பாப்போம்."

சுல்ஃபத் சோதனைக்குப் போகவில்லை. சான்றிதழ் வாங்கப் போனாள்.

கண் சோதிக்கும் பெண்ணின் பெயர் நிஸா. பாலக்காட்டுக்காரி, அவள் வீட்டிலும் தமிழ்தான். சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருந்தது. மூன்றாவது வரியில் சுல்ஃபத் நின்றுவிட்டாள்.

"பல்பு மங்கலா இருக்கு மோளே."

"பல்பு நேத்துதான் மாத்தினோம் இத்தா."

"தூரத்தை விடு. கிட்டத்துல என்ன இருக்கு, குடு."

நிஸா ஒரு அட்டையைக் கொடுத்தாள். சுல்ஃபத் கடைசி வரிவரை, பொடியிலும் பொடியான எழுத்தை, மூச்சு விடாமல் வாசித்தாள். வாசித்துவிட்டு அங்கம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியா? கண்ணாடி இல்லாம!"

"பாத்தேன்" என்றாள் நிஸா. "அதுதான் பயமா இருக்கு. இத்தாவுக்கு ஷுகர் உண்டா?"

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். கருவி முந்நூற்று எழுபத்திரண்டு என்று காட்டியது. அங்கம்மாளும் விரலை நீட்டினாள். அவளுக்கு முந்நூற்றுப் பத்து.

நிஸா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கு இத்தா. ரத்தத்துல சர்க்கரை ஏறுச்சுன்னா அந்த லென்ஸுல தண்ணி ஏறும். ஊறப்போட்ட கடலை மாதிரி உப்பும். உப்பினா கிட்டத்துல நல்லாத் தெரியும், தூரம் மங்கிப்போகும். இது கண்ணு திரும்பி வந்தது இல்ல. கண்ணு ஊறிப்போயிருக்கு."

சுல்ஃபத்துக்கு அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சேட்டன் முகம் ஞாபகம் வந்தது.

"அது ஷுகர் இறங்கினா தானா வடிஞ்சுடும். அதுக்குப் பின்னால என்ன ஆகியிருக்குன்னுதான் பாக்கணும். மருந்து விட்டுப் படம் எடுப்போம். நாலைஞ்சு மணி நேரம் கண்ணு கூசும்."

அங்கம்மாளையும் கூப்பிட்டாள். "எனக்கு வேணாந்தாயி. நான் இத்தாவைக் கூட்டிட்டுப் போகணும்" என்று அங்கம்மாள் கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

மருந்து எரிந்தது. சுல்ஃபத் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் இவ்வளவு நீளமான அரை மணியை அவள் கண்டதில்லை. மூடிய கண்ணுக்குள் அண்ணன் தன் மகளின் முகத்தைத் தடவினார்.

டாக்டர் ஸுப்ரியா திரையில் படத்தைக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். அதில் கிளை கிளையாக ரத்தக் குழாய்கள். நடுவே தள்ளித் தள்ளிச் சின்னச் சிவப்புப் பொட்டுகள். சுல்ஃபத்துக்கு மருந்து விட்ட கண்ணில் படமே கலங்கலாக இருந்தது. டாக்டர் விரல் வைத்து எண்ணிக் காட்டினார். வலது கண்ணில் நாலு, இடது கண்ணில் இரண்டு. குழாயின் சுவர் தளர்ந்து புடைத்திருக்கிறது என்றார். இது வலிக்காது, மங்காது, தெரியவே தெரியாது. நடுப்பகுதிக்கு வரும்போதுதான் தெரியும். கண் நன்றாகத் தெரிகிறதே என்று இருப்பவர்கள்தான் எப்போதும் தாமதமாக வருகிறார்கள்.

"போயிடுமா டாக்டர்?" என்றாள் சுல்ஃபத்.

அவள் கேட்டது கண்ணை. டாக்டருக்கு அது புரிந்தது. இப்போது வந்துவிட்டீர்கள், போகவிட மாட்டோம் என்றார். ஷுகரும் பிரஷரும் கட்டுக்குள் நின்றால் இது இப்படியே நின்றுவிடும், சில பொட்டுகள் மறைவதும் உண்டு. இன்றைக்கே இருவரும் ஷுகர் டாக்டரைப் பார்க்க வேண்டும், அங்கம்மாளின் காலையும் காட்ட வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி படம். பிறகு, கண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், வருடா வருடம் படம்.

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?"

அங்கம்மாள் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள் சுல்ஃபத். "எனக்கும் நான்தான். இவளுக்கும் நான்தான்."

"வேறு யாருக்காவது சொன்னீர்களா?"

சுல்ஃபத் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். 

"பஜாரே கேட்டுச்சு" என்றாள் அங்கம்மாள்.

வெளியே வரும்போது நிஸா கூடவே வந்தாள். "ஒண்ணு சொல்லிடறேன் இத்தா. ஷுகர் இறங்க இறங்க ஊசி நம்பர் மறுபடி தெரியாமப் போகும். மூணு வாரமோ நாலு வாரமோ. பயந்து மாத்திரையை நிறுத்திடாதீங்க. அது நல்ல சேதி. புதுக் கண்ணாடியும் உடனே வாங்கவேணாம். ஷுகர் ஒரு நிலைக்கு வரட்டும்."

அன்று மாலை அவள் பாலக்காட்டுக்குப் போன் செய்தாள். சலாம் சொன்ன கையோடு கேட்டாள்.

"அண்ணே, நீங்க மாத்திரை ஒழுங்காப் போட்டீங்கதானே?"

"போட்டேன் போட்டேன். தலை சுத்தினா ஒண்ணு போடுவேன்."

"சுத்தலைன்னா?"

"சுத்தாத தலைக்கு எதுக்கு மாத்திரை?"

"கண்ணுக்குள்ள படம் எடுத்தாங்களா எப்பவாவது?"

"கண்ணு நல்லாத் தெரிஞ்சுதே, அப்புறம் எதுக்குப் படம்? தெரியாமப் போனப்புறம் எடுத்தாங்க."

சுல்ஃபத் போனை வைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் அண்ணனிடம் இதைக் கேட்டதே இல்லை. கேட்காமலேயே பதிலை வைத்துக்கொண்டு ஊருக்கு வழி சொல்லியிருக்கிறாள்.

சிகாபுதீன் சாயா கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை போடாத சாயா. "நான் சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. அவள் அவரைப் பார்த்தாள்.

"சொல்லித் தொலைங்க."

"எதை?"

"மனசுக்குள்ள வச்சிருக்கிறதை."

"சாயா ஆறிடும்" என்றார் சிகாபுதீன்.

மறுநாள் கடையைத் திறக்கும் முன் அவள் பஜாரில் நடந்தாள். விரல் விட்டு எண்ணியதில் ஒன்பது பேரிடம் சொல்லியிருந்தாள். ஆறு பேர் அவள் பேச்சைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு மாத்திரையைத் தொடர்ந்திருந்தார்கள். சுல்ஃபத்துக்கு அது அவமானமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அவள் பேச்சின்படி நடந்தவர்கள் மூன்று பேர். அங்கம்மாள், கற்பகம், காய்கறிக் கடைப் பொன்மணி.

கற்பகம் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"மாத்திரையை விடுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"இப்ப போடுன்னு சொல்றது?"

"அதுவும் நான்தான்."

"எந்த சுல்ஃபத் இத்தாவை நம்பறது?"

"ரெண்டு பேரையும் நம்பாதே. ரத்தத்தைக் குடுத்து டெஸ்ட் பண்ணு. அதை நம்பு."

கற்பகம் மெஷினை நிறுத்தினாள். "நல்லவேளை, எனக்கும் கண்ணு வந்துச்சுன்னு நானும் நாலு பேர்கிட்டப் பொய் சொல்லலாம்னு இருந்தேன். வரலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பொன்மணி ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். "டாக்டரும் வேண்டியவரு, நீங்களும் வேண்டியவங்க. ரெண்டு பேர் மனசையும் நோகடிக்கக் கூடாதுன்னு பாத்தேன்" என்றாள்.

சுல்ஃபத் மாத்திரை போட்டாள். காலையில் கடற்கரைச் சாலையில் நடந்தாள். புட்டில் பாதியைச் சிகாபுதீன் தட்டுக்குத் தள்ளினாள். செம்புத் தண்ணீர் இரண்டிலிருந்து ஒன்றாயிற்று. தினமும் காலையில் ஒரு ஊசியை எடுத்துப் பார்த்தாள். முதல் வாரம் தெரிந்தது. இரண்டாம் வாரம் தெரிந்தது. அவளுக்குப் பயம் பிடித்தது. மாத்திரை வேலை செய்யவில்லையோ?

நாலாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, ஊசித் தண்டில் ஒரு அழுக்கு இருந்தது. துடைத்தாள். போகவில்லை. வெளிச்சத்தில் பிடித்தாள். அழுக்கு இல்லை, எழுத்து. பதினாலா பதினெட்டா என்று சொல்ல முடியவில்லை.

"ஏங்க!" என்று சத்தம் போட்டாள். சிகாபுதீன் எதிர்ச் சாரியில் வந்துகொண்டிருந்தார். சிகாபுதீன்தான்; மீசையின் நரைகூடத் தெரிந்தது. "ஏங்க! தெரியலை! ஒண்ணுமே தெரியலை!"

அவர் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். விஷயம் புரிந்ததும் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"இதை மெதுவாச் சொல்லக் கூடாதா சுல்ஃபி?"

நல்ல சேதிக்கு இனிப்பு கொடுக்க வேண்டும். அது முடியாது. எதிர்க் கடைப் பீங்கான் பரணியிலிருந்து உப்பிலிட்ட நெல்லிக்காய் வாங்கி, அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "ஊசி நம்பர் தெரியாமப் போச்சு, அதுக்கு" என்றாள். புளிப்பில் முகத்தைச் சுளித்தபடி அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்று மாதம் முடிந்தபோது சுல்ஃபத் மற்ற மூவரையும் படம் எடுக்கக் கிளப்பினாள். அங்கம்மாளைக் கிளப்பத்தான் பாடுபட வேண்டியிருந்தது. மருந்து விட்டால் கண் கூசும், துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நிஸா போனில் சொல்லியிருந்தாள். துணைக்குச் சிகாபுதீன் அரைநாள் லீவு போட்டார். நாலு பெண்களையும் பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, தோப்பும்படி சந்திப்பைக் கடத்தி, எண்ணிப் பார்த்து உள்ளே அனுப்பினார்.

அரை மணி கழித்து நாலு பேரும் முகம் கழுவும் இடத்துக் கண்ணாடியின் முன் நின்றார்கள். கருவிழிக்குள் கருமணி விரிந்து கண்ணே கரியாக இருந்தது.

"பொன்மணி, உன் கண்ணு புதுப்பொண்ணு மாதிரி இருக்குடி."

"எந்தப் பக்கம் நிக்கிறேன் நான்?"

"மூணாவது. இல்ல, அது நான்" என்றாள் கற்பகம்.

படங்கள் வந்தன. கற்பகத்துக்கு ஒன்றுமில்லை. பொன்மணிக்கும் ஒன்றுமில்லை. சுல்ஃபத்தின் வலது கண்ணில் நாலு பொட்டு மூன்றாகியிருந்தது. இடது கண்ணில் அதே இரண்டு. புதிதாக ஒன்றும் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் சுல்ஃபத்தை அப்படிச் சொன்னதில்லை.

அங்கம்மாளின் படத்தை டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். இடது கண்ணில் மையத்தை ஒட்டிச் சின்ன வீக்கம். பார்வை இன்னும் கெடவில்லை. அடுத்த வாரம் வர வேண்டும், இன்னொரு சோதனை செய்து, தேவைப்பட்டால் கண்ணுக்குள் மருந்து செலுத்துவோம். சரியான நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம்.

"கண்ணுக்குள்ளயா? குத்தியா?" என்றாள் அங்கம்மாள்.

"மரத்துப்போக மருந்து போட்டுத்தான் அம்மா. தெரியாது."

அங்கம்மாள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சுல்ஃபத் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருந்து விட்ட கண்ணுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"என்னாலதான்" என்றாள் சுல்ஃபத்.

"ரெண்டு வருசமாவே இருந்திருக்கும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. நீங்க கூட்டிட்டு வரலைன்னா எனக்கு எங்க தெரிஞ்சிருக்கும்?" அங்கம்மாள் மூக்கை முந்தானையில் துடைத்தாள். "ஆனா மாத்திரையை நிறுத்தச் சொன்னதுக்கு ஒரு மாசம் மாவு என்கிட்டத்தான் வாங்கணும்."

"நீ குடுக்கிற புளிச்ச மாவையா?"

"அதையேதான்."

வாசலில் வெயில் வெள்ளையடித்ததுபோல் எரிந்தது. நாலு பேரும் முந்தானையை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சிகாபுதீனைத் தேடினார்கள். அவர் தூணில் சாய்ந்து, கைக்குட்டையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உங்களுக்கு என்ன?"

"உள்ள ஒரு நர்ஸ் சொல்லிச்சு. அம்பது வயசுக்கு மேல எல்லாருக்கும் இன்னிக்கு ஃப்ரீன்னு."

"நீங்களும் மருந்து விட்டுக்கிட்டீங்களா?"

"சும்மா கிடைக்கிறதை விடுவானேன்னு..."

"உங்களைத் துணைக்குத்தானே கூட்டிட்டு வந்தோம்!"

"அது விட்டப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார் சிகாபுதீன்.

கற்பகம் சிரிக்க ஆரம்பித்தாள். பொன்மணி அவள் தோளில் சாய்ந்து சிரித்தாள். சுல்ஃபத் திட்டத்தான் வாய் திறந்தாள், சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து பேரும் கைகோத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். எதிரே வந்தவர்கள் வழிவிட்டார்கள்.

ஒரு பஸ் வந்து நின்றது. நெற்றிப் பலகை வெயிலில் தகடாக மின்னியது. நாலைந்து எழுத்து இருப்பது தெரிந்தது.

"மட்டாஞ்சேரி" என்றாள் சுல்ஃபத். "ஏறுங்க."

ஏறினார்கள். பஸ் கிளம்பியது. காற்று வந்தது. காற்றில் மீன் வாடையும் உப்பும் இருந்தன. இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சமாக ஆடியது. பொன்மணிதான் முதலில் கேட்டாள்.

"இத்தா, மட்டாஞ்சேரிக்குப் போற வழியில பாலம் இருக்கா?"

இல்லை. நாலு பேருக்கு ஒரே நேரத்தில் அது விளங்கியது. கண்டக்டர் வந்தார். வைட்டிலா போகும் பஸ், அடுத்து நிற்பது பாலத்துக்கு அக்கரையில் ஐலண்டில் என்றார். ஐந்து பேரின் கண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அங்கம்மாள்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கு மலையாளம் வாசிக்க வராது. பன்னெண்டு வருசமா கேட்டுத்தான் ஏறறேன். இப்பவும் கேட்டேன். வைட்டிலான்னாங்க."

"அப்புறம் ஏண்டி ஏறினே?"

"நீங்க ஏறினீங்க. நானும் ஏறினேன்."

 முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள், கண்டக்டர் சிரித்தார், கற்பகம் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். சிகாபுதீன் கைக்குட்டையைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சிரித்தார். சுல்ஃபத்துக்குச் சிரிப்பிலா கூச்சத்திலா என்று தெரியாமல் கண்ணீர் வழிந்தது.

"இறங்கி அடுத்த பஸ் பிடிப்போம்" என்றார் சிகாபுதீன்.

"எதுக்கு? வைட்டிலா வரைக்கும் போய்த் திரும்புவோம்" என்றாள் பொன்மணி. "கடைக்குப் போனா மட்டும் என்ன தெரியப்போகுது? வெண்டைக்காயை முருங்கைக்காய்னு குடுப்பேன்."

அங்கம்மாள் சுல்ஃபத்தின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். 

"அடுத்த வாரம் கூட வருவீங்கல்ல இத்தா?"

"வருவேன். உள்ள விட்டா உள்ளயும் வருவேன்."

"குத்தும்போது கையைப் பிடிச்சுக்குவீங்களா?"

"பிடிச்சுக்கறேன்" என்றாள் சுல்ஃபத். "ஆனா பஸ்ஸை நீ கேட்டுச் சொல்லு. நீ ஏறினப்புறம் நான் ஏறறேன்."